ஸ்க்லீரோடெர்மாவுக்கு ஆயுர்வேதம் எடுக்கலாமா? கைக்கு எடுத்தேன், நுரையீரலுக்கு எடுக்கவில்லை

உங்கள் மனைவிக்கு 2 ஆண்டுகளாக ஸ்க்லீரோடெர்மா (தோல் இறுகிக் கெட்டிப்படும் நோய்), விரல்களில் தோல் இறுகிவிட்டது, மாத்திரைகள் சாப்பிட்டு அலுத்துப்போய் "இதையெல்லாம் நிறுத்திவிட்டு ஆயுர்வேதத்துக்குப் போய்விடலாமா" என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதே நோய் வந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. தோலோடு நிற்காமல் உள்ளுறுப்புகளையும் தொடும் வகை. அதில் 7 ஆண்டுகளாக ஆயுர்வேதமும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நுரையீரலுக்கு மைகோஃபெனோலேட், விரல் இரத்த ஓட்டத்துக்கு நிஃபெடிபின், விரல்நுனிப் புண் திரும்ப வராமலிருக்க போசென்டான், நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் என்று ஒன்றையும் விட்டதில்லை. அந்த அலுப்பு எனக்கும் வந்திருக்கிறது. அதனால் அவரைக் குறை சொல்லாமல், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் எனக்கு உண்மையாகவே உதவியது. தினமும் காலையில் வெதுவெதுப்பான எண்ணெயைக் கைகளில் கால் மணி நேரம் தேய்க்கிறேன். என் வைத்தியர் கொடுத்தது பிண்ட தைலம். மஞ்சிட்டி, நன்னாரி, குங்கிலியம், தேன்மெழுகு சேர்த்துக் காய்ச்சும் பழைய தைலம் அது. மெழுகு இருப்பதால் தோலில் தங்கும், ஈரத்தை விடாது. இந்த நோயில் தோலின் வியர்வை, எண்ணெய்ச் சுரப்பிகள் அழிந்துபோவதால் வறட்சியும் அரிப்பும் படுத்தும். அந்த அரிப்பு எனக்கு முக்கால்வாசி அடங்கியது இதனால்தான். எண்ணெய் ஊறியதும் ஒவ்வொரு விரலாக மெல்ல நீட்டி, மடக்கி, பத்து எண்ணும்வரை பிடித்திருப்பேன். வாயையும் அப்படியே, இரண்டு கட்டைவிரல்களால் ஓரங்களை இழுத்து விரிப்பேன். நேர்மையாகச் சொன்னால், விரல் மடங்கிப்போகாமல் காத்ததில் பெரிய பங்கு இந்தப் பயிற்சிக்குத்தான். இயன்முறை மருத்துவர்களும் இளம்சூட்டில் உருக்கிய பாராஃபின் மெழுகில் கையைத் தோய்த்தெடுத்து இதே பயிற்சியைச் செய்யச் சொல்வார்கள். எண்ணெய் செய்வது என்னவென்றால், வலிக்காமல் பயிற்சி செய்யவிடுகிறது. அதுவே பெரிய விஷயம்.

தோல் தளர்ந்ததா என்று கேட்பீர்கள். தளர்ந்தது. மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு முன்கையில் தோலைக் கிள்ளி எடுக்க முடிந்தது. ஆனால் இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தோல் இறுக்கம் விரல்களைத் தாண்டி உடம்பிலும் பரவும் வகையில், தோல் முதல் சில ஆண்டுகளில் உச்சத்துக்கு இறுகி, அப்புறம் பலருக்குத் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இளகும். அந்த நேரத்தில் யார் எந்த மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாலும் பெயர் அவருக்குப் போகும். "6 மாதத்தில் தோல் பஞ்சுபோல் ஆகிவிட்டது" என்று ஒருவர் மனமாரச் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, காரணம் மட்டும் வேறாக இருக்கலாம். என் விஷயத்தில் எவ்வளவு தைலம், எவ்வளவு மாத்திரை, எவ்வளவு நோயின் போக்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஸ்க்லீரோடெர்மாவில் ஆயுர்வேதம் பற்றி வந்திருப்பவை தனித்தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள்தான், பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் அல்ல.

நல்ல வைத்தியரை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கு எனக்கு நடந்ததையே சொல்கிறேன். என் வைத்தியர் முதல் நாளே, "இந்தப் பெயரில் எங்கள் நூல்களில் நோய் கிடையாது, நெருக்கமாக இருப்பது வாதரக்தம்" என்றார். சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலின் சிகிச்சைப் பகுதியில் 29-வது அத்தியாயம் அது. பொதுவாக அதை யூரிக் அமில மூட்டுவலியோடுதான் சேர்த்துப் பேசுவார்கள். அங்கே நோயை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்: தோலிலும் தசையிலும் நிற்பது உத்தானம், ஆழத்துக்கு இறங்குவது கம்பீரம். மேலோட்டமானதற்கு எண்ணெய்த் தேய்ப்பு, பற்று, ஒத்தடம். "உங்கள் தோலுக்கு நான் செய்கிறேன். நுரையீரல் எப்படி இருக்கிறது என்று நாடி பார்த்துச் சொல்ல மாட்டேன், ஸ்கேன் கொண்டு வாருங்கள்" என்றார். அன்றிலிருந்து 6 மாதத்துக்கு ஒருமுறை நுரையீரல் செயல்திறன் சோதனை, ஆண்டுக்கு ஒருமுறை இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்து அவரிடமும் காட்டுகிறேன். அவர் கொடுப்பதை எல்லாம் இந்த நோயைப் பார்க்கும் ருமட்டாலஜி மருத்துவரிடம் எழுதிக் காட்டுகிறேன்.

அவரிடம் போவதற்கு முன்னால் வேறொரு இடத்தில் பட்டேன். கிழி என்று, பாலும் கஷாயமும் சேர்த்து வேகவைத்த நவர அரிசியைத் துணியில் கட்டி ஒத்தினார்கள். உடம்புக்கு இதமாகத்தான் இருந்தது. விரல்நுனிக்கு வந்தபோது சூடு எனக்குச் சரியாகத் தெரியவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. இந்த நோயில் விரல்நுனிக்கு இரத்தம் குறைவாகவே போகும். அதனால் பட்ட சூட்டை இரத்த ஓட்டம் எடுத்துச் செல்லாது, மெல்லிய தோல் வெந்துவிடும். இரண்டு விரல்களில் கொப்புளம் கிளம்பி, புண்ணாகி, ஆற 4 மாதம் ஆனது. அதனால் எண்ணெயோ கிழியோ, சூட்டை வேறொருவர் தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். புண்ணுள்ள விரலுக்கும், தோலுக்கடியில் சுண்ணாம்புக் கட்டி வெளியே தள்ளும் இடத்துக்கும் ஒத்தடமே வேண்டாம். முடிந்ததும் உடனே குளிர்ந்த அறைக்குப் போகக் கூடாது. விரல் வெள்ளையாகி நீலமாகும் ரேனாட் தாக்குதல் அப்படித்தான் வரும்.

உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தில்தான் என் பயம் அதிகம். சீந்தில் நோயெதிர்ப்பைத் தூண்டுவது. இந்த நோயோ நம் எதிர்ப்பு சக்தி நம்மையே தாக்குவது. சீந்தில் எடுத்த சிலருக்கு ஈரல் வீங்கியதை 2021-ல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். போசென்டானும் ஈரலைத் தாக்கக்கூடியது, அதற்காக மாதாமாதம் இரத்தப் பரிசோதனை செய்கிறோம். இரண்டும் சேர்ந்தால் எது கெடுத்தது என்றே தெரியாது. குக்குலு என்ற மூலிகைப் பிசின், டில்டியாசெம் என்ற இரத்தநாள மருந்து உடலில் சேரும் அளவைக் குறைத்தது ஆய்வில் தெரிந்திருக்கிறது. திரிகடுகத்தில் உள்ள மிளகு, மாறாகச் சில மருந்துகளின் அளவை ஏற்றிவிடும். எல்லாவற்றையும்விட அதிமதுரம். தொண்டைக்கும் நெஞ்செரிச்சலுக்கும் தாராளமாகக் கொடுப்பார்கள். அதிலுள்ள கிளிசிரைசின் இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும்.

இரத்த அழுத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஸ்க்லீரோடெர்மாவில் சிறுநீரக நெருக்கடி என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் நோயின் முதல் 5 ஆண்டுகளில், பரவும் வகையில் வரும். அழுத்தம் திடீரென்று ஏறி, சில நாட்களில் சிறுநீரகம் நின்றுவிடலாம். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஏஸ் தடுப்பான் மருந்துகள் இல்லாமல் இது வந்தவர்களில் ஓராண்டு பிழைத்தவர்கள் 100-க்கு 15 பேர் அளவில்தான், அந்த மருந்து கொடுத்த பிறகு அது 76 ஆனது என்று 1990-ல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் மனைவி இப்போது 2-ம் ஆண்டில் இருக்கிறார். வீட்டில் ஒரு பிபி கருவி வாங்கி அடிக்கடி பாருங்கள். வழக்கத்தைவிட மேல் எண் 30 அல்லது கீழ் எண் 20 கூடி நின்றால், அன்றே மருத்துவமனை. மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

பெயர் அச்சிடாத பொடிகளை வாங்காதீர்கள். நாலே நாளில் வலி பறந்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டிருக்கிறது. நாளுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் பிரெட்னிசோலோன் என்பது இந்தச் சிறுநீரக நெருக்கடியைத் தூண்டக்கூடிய அளவு. பாதரசம், ஈயம் சேர்ந்த ரசமருந்து, பற்பங்களும் வேண்டாம். சிறுநீரகம் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கும்போது அந்தச் சோதனை எதற்கு?

உடலைச் சுத்தம் செய்யும் ஆயுர்வேத முறையான பஞ்சகர்மா பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாந்தி எடுக்க வைக்கும் வமனம் கூடவே கூடாது, உணவுக்குழாய் ஏற்கெனவே தளர்ந்து அமிலம் மேலேறிக்கொண்டிருக்கும். பலமான பேதி உடம்பின் நீரை வற்றவைத்துச் சிறுநீரகத்தைத் தொடும். மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடுவதையும் நான் மறுத்துவிட்டேன். விழுங்குவதில் சிரமம் இருந்தால் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கலாம். மெதுவான மூச்சுப்பயிற்சி செய்கிறேன், மூச்சை அடக்குவதில்லை. இரவு உணவை முன்னதாக, அளவாகச் சாப்பிட்டு, தலைப்பக்கம் கட்டிலை உயர்த்திப் படுக்கிறேன். இதில் வைத்தியர், மருத்துவர் இருவரும் ஒன்றாகவே பேசுகிறார்கள்.

மாத்திரையை நிறுத்தும் எண்ணத்தை மட்டும் அவரிடம் அன்பாகப் பேசி மாற்றுங்கள். நுரையீரலில் தழும்பாக மாறிய பகுதி திரும்பாது. மருந்து செய்வது அது பரவுவதைத் தடுப்பது, அதனால்தான் சாப்பிடும்போது எதுவும் நடப்பதாகத் தெரிவதில்லை. எனக்கும் இது புரிய ஒரு ஆண்டு ஆனது. குமட்டல்தான் தொல்லை என்றால் அளவை, நேரத்தை மாற்ற மருத்துவரிடம் வழி இருக்கிறது.

எண்ணெய்த் தேய்ப்பை நாளைக்கே தொடங்கலாம், முடிந்தால் நீங்களே தேய்த்துவிடுங்கள். விரல் இறுகியவர் தன் கையைத் தானே தேய்ப்பது சிரமம். உங்கள் கையை முதலில் சூடாக்கிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனி நோக்கித் தேய்த்துப் போங்கள், நுனியில் புண் இருந்தால் அதைத் தொடாமல் முன்னாலேயே நின்றுவிடுங்கள்.