லிப்போசோம் மருந்து கட்டிக்கு மட்டும்தான் போகுமா?

கேள்வி: என் தாயாருக்குச் சூலகப் புற்றுநோய் திரும்ப வந்திருப்பதால், லிப்போசோமில் அடைத்த டாக்ஸோரூபிசின் ஏற்றப்போவதாக மருத்துவர் சொல்கிறார். இந்த நானோ மருந்து கட்டியை மட்டும் தாக்குமா? அது போய்ச் சேர்ந்ததை ஸ்கேனில் பார்க்க முடியுமா?

பதில்: கட்டியை மட்டும் என்று சொல்ல முடியாது. லிப்போசோம் என்பது ஏறத்தாழ 100 நானோமீட்டர் குறுக்களவுள்ள கொழுப்புக் குமிழி. டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து அதற்குள் படிகமாக அடைபட்டிருக்கிறது. 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்தில், புற்றணுவை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு எதுவும் கிடையாது. கட்டியில் அவசரமாக முளைக்கும் இரத்தக் குழாய்களின் சுவரில் இடைவெளிகள் இருப்பதால், இரத்தத்தில் நாள்கணக்கில் சுற்றிவரும் குமிழிகள் அவ்வழியே கசிந்து அங்கே தங்குகின்றன. இதயத் தசையின் குழாய்களில் அவ்வளவு இடைவெளி இல்லாததால் இதயத்துக்கு வரும் கேடு சாதாரண டாக்ஸோரூபிசினைவிடக் குறைகிறது. என் கணிப்பில் இம்மருந்தின் பெரிய ஆதாயம் இதுதான்.

எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். 2001-இல் வெளியான ஆய்வொன்றில், இண்டியம்-111 என்ற கதிரியக்கத் தனிமம் ஏற்றிய லிப்போசோமை 17 நோயாளிகளுக்குச் செலுத்தி, கதிர்வீச்சைப் படமாக்கும் காமா கேமராவில் படமெடுத்தபோது, 72 மணி நேரத்துக்குப் பின் கட்டிகளில் இருந்தது செலுத்திய அளவில் 0.5 முதல் 3.5 சதவீதம் வரைதான். தலை, கழுத்துக் கட்டிகள் நிறைய வாங்கின. மார்பகக் கட்டிகள் குறைவாகவே வாங்கின. கல்லீரலிலும் மண்ணீரலிலும் கணிசமான பங்கு தங்கியது. இத்தகைய படம் குமிழி இருக்குமிடத்தைக் காட்டுமே தவிர, அது திறந்து மருந்தை வெளியே விட்டதா என்பதைக் காட்டாது.

உங்கள் தாயாருக்கு எடுக்கக்கூடிய பெட் ஸ்கேன் வேறு வகை. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையைக் கட்டி எவ்வளவு உறிஞ்சுகிறது என்றுதான் அது காட்டும்; அவருக்கு ஏற்றும் மருந்தில் கதிரியக்கக் குறி இல்லாததால் அது எந்த ஸ்கேனிலும் தெரியாது. மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சில சுழற்சிகளுக்கு, அதாவது சில முறை மருந்து ஏற்றியதற்கு, பிறகு கட்டியின் அளவையும், சூலகப் புற்றுநோயில் பெரும்பாலும் கூடும் சிஏ-125 என்ற புரதத்தின் இரத்தப் பரிசோதனையையும் வைத்தே மருத்துவர் முடிவு செய்வார்.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது உள்ளங்கையையும் உள்ளங்காலையும். இம்மருந்து தோலிலும் சேர்வதால் அங்கே சிவந்து, எரிச்சல் எடுத்து, சிலருக்குத் தோல் உரியும். மருந்து ஏற்றிய பின் சில நாட்களுக்கு வெந்நீர்க் குளியலும் இறுக்கமான செருப்பும் வேண்டாம்; சிவப்பு தெரிந்தால் அடுத்த சுழற்சிவரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் அளவைக் குறைக்கவோ நாளைத் தள்ளிப்போடவோ கூடும்.