செய்கூலியும் சேதாரமும் போடாமல் விற்கும் ‘நாய்கள் ஜாக்கிரதை’ போர்டு

கேள்வி: கோவை வடவள்ளியில் வசிக்கும் இல்லத்தரசி நான். எங்கள் வீட்டு கேட்டுக்கு நானே டிசைன் செய்து மாட்டிய ‘நாய்கள் ஜாக்கிரதை’ போர்டைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் கேட்டார்கள். இப்போது வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் வழியாக மாதம் 30 போர்டு போகிறது. 12க்கு 8 அங்குல அக்ரிலிக்கில் நாயின் படம், பெயர், வீட்டு எண்ணோடு செய்கிறேன். அக்ரிலிக் துண்டு 110, ஸ்டிக்கர் பிரிண்ட் 45, லேசர் கட்டிங் 40, ஸ்குரூவும் டேப்பும் 25, பேக்கிங் 20 என ஒரு போர்டுக்கு 240 ரூபாய் ஆகிறது. 350க்கு விற்கிறேன். மாதம் 3,300 லாபம் வரவேண்டும், ஆனால் கையில் நிற்பதே இல்லை. ஒரு போர்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. மாதம் இரண்டு போர்டாவது எழுத்துப் பிழையாலோ கூரியரில் உடைந்தோ திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. கூரியருக்கு 700, உள்ளூர் டெலிவரிக்குப் பெட்ரோல் 600 நானே போடுகிறேன். பெங்களூருக்கும் இரண்டு அனுப்பினேன். ஆன்லைனில் 199க்கே போர்டு கிடைப்பதால் விலையேற்ற பயமாக இருக்கிறது. சொந்தமாக லேசர் மிஷின் வாங்கினால் செலவு குறையும் என்கிறார்கள். விலை 1,60,000. வங்கியில் நகையை வைத்தால் 9.5% வட்டி. வாங்கலாமா? போர்டுக்கு என்ன விலை வைப்பது? ஜிஎஸ்டி வேண்டுமா? சொந்தக்காரர்களிடம் எப்படிக் காசு கேட்பது?

பதில்: நகை இன்னும் பீரோவில்தானே இருக்கிறது? அங்கேயே இருக்கட்டும்.

கணக்கைப் பாருங்கள். லேசர் கடைக்கு நீங்கள் இப்போது கொடுப்பது போர்டுக்கு 40 ரூபாய், மாதம் 1,200. கடன் 1,60,000க்கு 9.5% என்றால் ஆண்டு வட்டி 15,200, மாதத்துக்குச் சுமார் 1,267. மிஷின் மிச்சம் பிடித்துத் தரும் பணம் வட்டிக்கே பத்தவில்லை. அப்புறம் முதலை எதிலிருந்து கட்டுவீர்கள்? மூன்று வருடத்தில் கடனை அடைப்பதாக வைத்தால் முதலுக்கு மட்டும் மாதம் 4,444 வேண்டும். மின்சாரம், பராமரிப்புக்கு மாதம் 800 என்று நானாகவே குறைத்துப் போடுகிறேன். வட்டியும் சேர்த்தால் தொடக்கத்தில் மாதம் 6,500க்குப் பக்கம். அதை 40ஆல் வகுத்தால் மாதம் 160 போர்டுக்கு மேல் வெட்டினால்தான் மிஷின் தன் சோற்றைத் தானே சம்பாதிக்கும். நீங்கள் 30ல் இருக்கிறீர்கள். தவிர, நகைக்கடனில் பல ஓராண்டுக்குள் முதலும் வட்டியுமாகத் திருப்பச் சொல்பவை. மூன்று வருடம் என்பதே தாராளமான கற்பனை.

மிஷின் விற்பவர் சொல்லாமல் விடக்கூடியது ஒன்று உண்டு. இந்த விலையில் வரும் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு) லேசரின் கண்ணாடிக் குழாய், ஓட ஓட சக்தி குறைந்து மாற்ற வேண்டிய பொருள். தண்ணீர் சுற்றிக் குளிர வைக்கவும் புகையை வெளியேற்றவும் தனி ஏற்பாடு வேண்டும். அக்ரிலிக்கை அழகாக வெட்டும், சரி. நாளைக்கு விலை குறைந்த போர்டுக்காக சன்போர்டு என்னும் லேசான பலகைக்குப் போனால்? அது பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக். லேசரில் வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். மூச்சுக்கும் ஆகாது, மிஷினையும் அரித்துவிடும். அலுமினியத் தகடு ஒட்டிய ஏசிபி ஷீட்டுக்கும் இது சரிப்படாது, அதற்குச் சுழலும் பிளேடால் வெட்டும் ரூட்டர் மிஷின் கடைக்குத்தான் போகவேண்டும். ஆக மிஷினை வாங்கிய பிறகும் வெளிக்கடைக்கு நடந்துகொண்டுதான் இருப்பீர்கள்.

மாதம் நூற்றறுபதுக்கு மேல் ஆர்டர் ஆறு மாதம் தொடர்ந்து வந்தால் அப்போது யோசிக்கலாம். அப்போதும் நகை வேண்டாம். சிறு தொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 50,000 முதல் 5 லட்சம் வரையிலான ‘கிஷோர்’ பிரிவுக்கு அடமானம் கிடையாது. வங்கி கேட்பது ஆர்டர் கணக்கையும் பரிவர்த்தனை விவரத்தையும்தான். அதற்காகவே இந்த வாரம் போர்டுப் பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு ஆரம்பியுங்கள். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உதயம் பதிவையும் செய்துவிடுங்கள். அரசு இணையதளத்தில் ஆதார் எண்ணை வைத்து இலவசமாகவே முடியும், அதற்கு ஆயிரம் ரெண்டாயிரம் கேட்கும் தளங்கள் அரசினுடையவை அல்ல.

இனி விலை. நகைக்கடையில் பில் பார்த்திருப்பீர்கள். தங்கத்தின் விலை தனி, செய்கூலி தனி, சேதாரம் தனி. நீங்கள் தங்கத்தின் விலையை மட்டும் எழுதி, மேலே 110 ரூபாய் போட்டு, அதற்கு லாபம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். 3,300லிருந்து திரும்பச் செய்த இரண்டு போர்டுக்கு 480ஐக் கழியுங்கள். கூரியர் 700, பெட்ரோல் 600. மிச்சம் 1,520. முப்பது போர்டுக்கு அறுபது மணி நேரம் உழைத்திருக்கிறீர்கள். மணிக்கு 25 ரூபாய்! பணம் கையில் நிற்கவில்லை என்கிறீர்களே, அது எங்கும் ஓடிப்போகவில்லை. வரவே இல்லை.

அந்த இரண்டு மணி நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால் விலை வைப்பது சுலபம். ஸ்டிக்கர் ஒட்டவும் பெட்டி கட்டவும் கால் மணி, இருபது நிமிடம் போதும். மீதி எல்லாம் போனில்தான் கழிகிறது. வாடிக்கையாளர் சோபாவில் படுத்திருக்கும் நாயின் மங்கலான படத்தை அனுப்புவார். பின்னணியை வெட்டி எடுப்பீர்கள். “காது கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்” என்பார். பிறகு வேறு படம் வரும். பிறகு அவர் மனைவிக்குச் சிவப்புப் பிடிக்காது. எல்லாம் முடிந்து பிரிண்டுக்குப் போனபின் “டாமி இல்லைங்க, டோமி” என்று ஒரு குறுஞ்செய்தி வரும். இந்த நேரத்துக்குத்தான் காசு வாங்க வேண்டும். யாருக்கு அது தேவையில்லையோ அவரிடம் வாங்கக்கூடாது.

அதனால் இரண்டு ரகமாகப் பிரியுங்கள். முதல் ரகம், டிசைன் தயாராக இருப்பது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, பக் என்று அதிகம் கேட்கும் இனங்களின் உருவத்தை ஒருமுறை செய்து வைத்துவிட்டு, வீட்டு எண்ணை மட்டும் மாற்றிக் கொடுப்பது. இதற்கு அரை மணி நேரம் போதும். இரண்டாவது, அவர்கள் வீட்டு நாயின் சொந்தப் படம், பெயர் எல்லாம் வைத்துச் செய்வது.

விலைக்கு முன்னால் பொருள் செலவில் ஒரு சின்ன மிச்சம் பிடிக்கலாம். நீங்கள் வாங்குவது வெட்டிய துண்டு. முழு ஷீட் 8க்கு 4 அடி, அதாவது 96க்கு 48 அங்குலம். 12க்கு 8 அங்குலமாகப் போட்டால் காகிதத்தில் 48 துண்டு விழும், நிஜத்தில் விழாது, ஏனென்றால் வெட்டும் கோடும் ஓரமும் கொஞ்சம் தின்னும். போர்டின் அளவைப் பதினொன்றே முக்காலுக்கு ஏழே முக்கால் என்று குறைத்துவிடுங்கள். கேட்டில் மாட்டிய பிறகு கால் அங்குலத்தை யாரும் அளக்கப் போவதில்லை. உங்கள் கடையில் முழு ஷீட்டை 3,400க்குத் தருகிறார்கள் என்று வைத்தால் துண்டு ஒன்று 71 ரூபாய்க்கு வரும், போர்டுக்குக் கிட்டத்தட்ட 40 மிச்சம். ஷீட்டை ஸ்கூட்டியில் ஏற்ற முடியாது. வெட்டும் கடையிலேயே இறக்கிவிட்டு, தேவைக்கு வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருள் செலவு இப்போது 200. செய்கூலியை மணிக்கு 100 ரூபாய் என்று வைக்கிறேன். நீங்கள் கூட்டினாலும் எனக்குச் சம்மதமே. தயார் ரகத்துக்குப் பொருள் 200, அரை மணிக் கூலி 50, சேதாரம் 10, பெட்ரோல், போன் வகைக்கு 40. அடக்கம் 300, விற்பது 400. சொந்தப் பட ரகத்துக்குப் பொருள் 200, கூலி 200, சேதாரம் 25, இதர செலவு 40. அடக்கம் 465, விற்பது 700. கூரியர் இரண்டுக்குமே தனி, அதை முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

விலையேற்றினால் ஆர்டர் குறையும் என்ற பயம் நியாயமானதுதான். குறையட்டும் என்றே கணக்குப் போடுவோம். முப்பது இருபத்திரண்டாகிறது: 14 தயார் ரகம், 8 சொந்தப் படம். தயார் ரகத்தில் கூலியும் லாபமுமாக ஒன்றுக்கு 150 வீதம் 2,100. சொந்தப் படத்தில் ஒன்றுக்கு 435 வீதம் 3,480. மொத்தம் 5,580. உழைத்தது 23 மணி நேரம். எட்டு வாடிக்கையாளர் போனதால் உங்களுக்கு நஷ்டமா என்று நீங்களே சொல்லுங்கள்.

199 ரூபாய் போர்டோடு மோதாதீர்கள். அது ஒரே டிசைனை மொத்தமாக அச்சடித்து விற்பது. அதை வாங்குபவருக்கு எச்சரிக்கை மட்டும் போதும். உங்களிடம் வருபவர் தன் நாயின் முகம் கேட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர், அவர் 199ஐப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறார். இன்னொன்றும் சொல்கிறேன். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று நம் ஊர் இனங்களை வளர்ப்பவர்களுக்குத் தங்கள் நாயைப் பற்றிப் பெருமை அதிகம். தயாராக விற்கும் போர்டுகளில் வெளிநாட்டு இன நாய்களே உறுமிக்கொண்டிருக்கும். இந்த நாலு இனத்துக்கும் நல்ல உருவப்படம் வரைந்து வைத்தால் தயார் ரகத்தில் உங்களுக்குப் போட்டி குறைவு. படத்தை இணையத்திலிருந்து சும்மா எடுக்காமல் நீங்களே வரையுங்கள், அல்லது வணிகத்துக்கு உரிமை உள்ளதை வாங்குங்கள்.

சேதாரம் குறைய இரண்டே ஏற்பாடு. சொந்தப் பட ரகத்துக்கு முழுப் பணமும் முன்கூட்டியே வாங்குங்கள். ‘ராக்கி, 14/2’ என்று எழுதிய போர்டை அந்த வீட்டைத் தவிர உலகத்தில் வேறு யாரும் வாங்க மாட்டார்கள். டிசைனில் இரண்டு திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து 75 ரூபாய். பிரிண்டுக்கு அனுப்பும் முன் “பெயர், எண் சரி” என்று அவர் கையால் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். அதன் பிறகு வரும் டோமி அவர் செலவு.

ஆயுள் உத்தரவாதம் கொடுக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். மேற்கு வெயில் அடிக்கும் கேட்டில் முதலில் வெளுப்பது சிவப்புதான். இந்தப் போர்டில் பெரிய எழுத்தெல்லாம் சிவப்பு. ஐந்து வருடம் என்று வாய்விட்டால் மூன்றாம் வருடம் பழைய போர்டெல்லாம் வரிசையாகத் திரும்பி வரும். ஒரு வருடம் என்று சொல்லுங்கள். ஸ்டிக்கரை அக்ரிலிக்கின் முன்பக்கம் ஒட்டாமல், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி அச்சடித்துப் பின்பக்கம் ஒட்டினால் மழையும் கீறலும் படாது. ‘இந்தப் போர்டு இருந்தால் சட்டச் சிக்கல் வராது’ என்றும் விளம்பரம் செய்யாதீர்கள். நாயை அஜாக்கிரதையாக விட்டு ஆபத்து உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கேட்டில் போர்டு தொங்குகிறது என்பதற்காக உரிமையாளரின் பொறுப்பு போய்விடாது.

ஜிஎஸ்டி. பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு. உங்கள் விற்பனை ஒன்றேகால் லட்சம். பயமே வேண்டாம், ஆனால் பெங்களூரு என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்றால் இந்த 40 லட்ச வரம்பு உதவாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். இரண்டு போர்டுக்காக ரிட்டர்ன் தாக்கல் செய்து, ஆடிட்டருக்கு ஃபீஸ் கொடுப்பது கட்டுப்படியாகாது. இப்போதைக்குத் தமிழ்நாட்டுக்குள் மட்டும் அனுப்புங்கள். அனுப்பிய இரண்டைப் பற்றி ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய ஆன்லைன் தளங்களில் விற்க நினைத்தால், 2023 அக்டோபர் முதல் மாநிலத்துக்குள் விற்கும் சிறு வியாபாரிகள் ஜிஎஸ்டி இல்லாமலேயே, ஜிஎஸ்டி தளத்தில் ஒரு பதிவெண் மட்டும் வாங்கிக்கொண்டு விற்கலாம். தளம் பிடிக்கும் கமிஷனை 400க்குள் அடக்கப் பார்க்காதீர்கள், அதற்கு வேறு விலை போடுங்கள். வருமான வரி? இந்தத் தொகைக்கு உங்கள் பெயரில் வரி வராது. ஜிபேயில் பணம் வந்தாலே வரி என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்க வேண்டாம்.

கடைசியாகச் சொந்தக்காரர்கள். பாதி விலைக்கு மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். அவர்கள் அதைச் சலுகை என்று நினைக்க மாட்டார்கள், அதுதான் விலை என்று நாலு பேரிடம் சொல்லுவார்கள். மிக நெருங்கியவர் என்றால் புதுமனைப் புகுவிழாவுக்கோ, புது நாய்க்குட்டி வந்ததற்கோ முழுப் பரிசாகக் கொடுத்துவிட்டு, 465 ரூபாயை வீட்டுச் செலவில் மொய் என்று எழுதுங்கள், தொழில் கணக்கில் வேண்டாம். மற்றவர்களுக்கு விலைப்பட்டியலைப் படமாக்கி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடுங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கும் தொகையை அது சொல்லிவிடும். ஏற்கெனவே 350க்கு வாக்குக் கொடுத்த ஆர்டர்களை அந்த விலையிலேயே முடித்துவிட்டு, அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து புது விலையை ஆரம்பியுங்கள்.