சாப்பிட அடம் பிடிக்கும் குழந்தை, சண்டையில் முடியும் சாப்பாட்டு நேரம்: என்ன செய்யலாம்?

மூன்று வயதுக் குழந்தை நான்கைந்து அயிட்டங்களைத் தவிர எதையும் தொடுவதில்லை, வேளாவேளைக்கு அழுகைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருடம் முன்பு எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. மகனுக்கு ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகும், அதில் பாதி நேரம் வாயில் வாங்கியதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். "முழுங்கு, முழுங்கு" என்று நான் கத்த, அவன் துப்ப, அப்புறம் நான் பசியே இல்லாமல் ஆறிப்போனதைச் சாப்பிடுவேன்.

"ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறான்" என்று டாக்டரிடம் போய் நின்றபோது, மூன்று நாளைக்கு வாய்க்குள் போவதை எல்லாம் எழுதி வாருங்கள் என்றார். எழுதினால்தான் தெரிகிறது, ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் பால் குடித்திருக்கிறான், நடுவில் பிஸ்கட் வேறு. சாப்பாட்டு நேரத்தில் அவனுக்குப் பசியே இல்லை, அவ்வளவுதான். அந்த வயதில் பால் அரை லிட்டர் வரை போதும், அதிகமானால் சாப்பாட்டுக்கு இடமிருக்காது, இரும்புச்சத்தும் குறையும் என்றார். இன்னொன்றும் சொன்னார்: முதல் வருடத்தில் பிறந்த எடை ஏறக்குறைய மூன்று மடங்காகும், அடுத்த வருடம் முழுக்க இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். வளரும் வேகம் குறைந்தால் பசியும் குறையத்தான் செய்யும். நாம்தான் பழைய கணக்கையே வைத்துக்கொண்டு "முன்னெல்லாம் நல்லா சாப்பிட்டானே" என்று புலம்புகிறோம்.

எனக்கு உண்மையில் உதவியது எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் சொன்ன பங்கு பிரிப்பு. என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தை பொறுப்பு. கேட்க எளிது, ஆனால் "இன்னும் ஒரே ஒரு வாய்" என்ற வார்த்தையை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அது எனக்குத்தான் தண்டனையாக இருந்தது.

நாங்கள் செய்தது இதுதான். இரண்டரை, மூன்று மணி நேர இடைவெளியில் சாப்பாடோ சிற்றுண்டியோ, நடுவில் தண்ணீர் மட்டும். அவனுக்கென்று தனியாக எதுவும் சமைக்கவில்லை, ஆனால் மேஜையில் அவன் நிச்சயமாகச் சாப்பிடும் ஒன்று எப்போதும் இருக்கும், மற்றது பிடிக்காவிட்டாலும் அதை வைத்து வயிற்றை நிரப்பிக்கொள்ளலாம். புதிய காய் என்றால் சுண்டுவிரல் நகத்தளவு. போன், டிவி கிடையாது, எங்களுக்கும்தான். 20 நிமிடம் கழித்துத் தட்டை எடுத்துவிடுவோம், திட்டும் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் இல்லை.

முதல் வாரம் மோசம், மறைக்க மாட்டேன். இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு கவளத்தோடு எழுந்துவிட்டான், எனக்குத் தூக்கமே வரவில்லை. மாமியார், "பிள்ளை வயிறு ஒட்டிக் கிடக்குது, நீ வேடிக்கை பாக்கற" என்றார். காலையில் எழுந்ததும் நன்றாகச் சாப்பிட்டான். ஒரு வேளையை வைத்துக் கணக்குப் போடாமல் ஒரு வாரத்தைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே வருகிறது.

காரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு மிரளுவது இயல்பு, பழக எட்டு முதல் 15 தடவை வரை கண்ணில் பட வேண்டியிருக்கலாம் என்கிறார்கள். நானோ மூன்றாம் தடவையே "இவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்தியிருந்தேன். இந்த முறை அவன் போக்கில் விட்டுவிட்டேன். தொட்டான், முகர்ந்தான், நக்கிவிட்டுத் துப்பினான் (துப்புவதற்கென்றே ஒரு கிண்ணம் வைத்திருந்தோம்), பத்துப் பன்னிரண்டு தடவைக்கு அப்புறம் ஒருநாள் என் தட்டிலிருந்து எடுத்துக் கடித்தான். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

காய் சாப்பிட்டால் சாக்லேட் என்ற பேரம் மட்டும் வேண்டாம். நான் போட்டுப் பார்த்தவள், சாக்லேட்டுக்கு மவுசு கூடியது, காய் இன்னும் எதிரியானது. வற்புறுத்துவதும் அப்படித்தான்: 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சிறுவர்களுக்கு சூப் கொடுத்துப் பார்த்தார்கள், "குடித்து முடி" என்று சொல்லப்பட்டபோது அவர்கள் குறைவாகவே குடித்தார்கள், குறையும் அதிகம் சொன்னார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் "வயசுக் கோளாறு" என்று விடவும் முடியாது. எடை குறைகிறது அல்லது பல மாதமாக ஏறவே இல்லை, விழுங்கும்போது இருமல் வருகிறது, அடிக்கடி புரையேறுகிறது, கட்டியான எதைக் கண்டாலும் ஓங்கரிக்கிறது, ஏற்கெனவே சாப்பிட்டவையும் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் குழந்தை நான்கைந்து அயிட்டத்தோடு நிற்பதால் எப்படியும் ஒரு தடவை எடை, உயரம், ரத்தத்தில் இரும்புச்சத்து பார்த்துவிடுவது நல்லது. போகும்போது அந்த மூன்று நாள் பட்டியலைக் கையோடு எடுத்துப் போங்கள், பால் அளவையும் மறக்காமல் எழுதி.