யார் வீட்டில் இருப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெங்களூருவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன், வயது 41. மூலனூர் பக்கம் ஐந்து ஏக்கர் மேட்டு நிலம் வாங்கியிருக்கிறோம். அடுத்த வருடம் குடும்பத்தோடு அங்கேயே போய்விடத் திட்டம். காங்கேயம் மாடு நான்கு, ஓர் எருமை, இருபது ஆடு, கோழி, வாத்து, நாய் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். பிள்ளைகள் இப்போதே எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். மனைவிக்கும் விருப்பம்தான். ஆடு மாடுகளோடு வளரும் பிள்ளைகளுக்கு இரக்கம் தானாக வரும் என்று நம்புகிறேன். நீங்கள் அப்படி வளர்ந்தவர் என்பதால் கேட்கிறேன்: எதில் தொடங்குவது? நாட்டு மாட்டுப் பாலை ‘ஏ2 பால்’ என்று விற்கிறார்களே, அதை விற்றுக் கட்டுப்படியாகுமா? நிலத்தில் நாங்கள் எடுத்த படம் ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.

க., பெங்களூரு

அன்புள்ள க.,

படத்தைத்தான் முதலில் பார்த்தேன். கிளுவை வேலிக்கு முன்னால் நால்வரும் நிற்கிறீர்கள். சின்னவள் ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறாள், முள் ஏறியிருக்கும். நல்ல படம். போன வாரம்தான் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழித்தேன். அடியில் ஒரு கவரில் பதினேழு போட்டோக்கள். அப்பா, அம்மா, அப்பத்தா, நான், தங்கை ஐந்து பேரும் சேர்ந்து நிற்கும் படம் அதில் ஒன்றுகூட இல்லை. அந்த யோசனையிலேயே இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஏ2 பால் வியாபாரம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். காங்கேயம் மாடு உழவுக்கும் வண்டிக்கும் பேர் போனது. கன்று குடித்தது போக ஒன்றரை, இரண்டு லிட்டர் கறந்தால் சந்தோஷப்படுங்கள், அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வாத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். குடிக்கிற தண்ணீருக்கே அலைகிற ஊரில் வாத்து என்ன செய்யும்? நிலம் நல்ல நிலம். படத்தைப் பார்த்தால் பழைய கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, போலத் தெரிகிறது. சுற்றிலும் கிளுவை, தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். மழை குறைந்த ஊரில் ஆடு மாடு பிழைக்கப் பெரியவர்கள் செய்து வைத்த ஏற்பாடு அது. புல் காய்ந்த பிறகும் வெள்வேலங்காய் உதிரும், ஆடு பொறுக்கித் தின்னும். அதை ஜேசிபி விட்டுச் ‘சுத்தம்’ செய்துவிடாதீர்கள். செய்துவிட்டீர்கள் என்றால் எனக்குச் சொல்ல வேண்டாம்.

இரக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் எதற்கும் செல்லப் பெயர் கிடையாது. சாஞ்சகொம்பு, ஒத்தைக்காதி, மயிலை, அவ்வளவுதான். என் தங்கை தாயில்லாத செம்மறிக் குட்டி ஒன்றுக்கு ஒரு மாதம் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். கிடாவாகி அது நோன்பிக்கு அறுபட்டபோது ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தாள். மறு வேளை சாப்பிட்டாள். இதற்கு என்ன பெயர் வைப்பீர்களோ வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கடிதத்தில் ஆடு மாடுகளுக்கு எண்ணிக்கையோடு ஒரு முழு வாக்கியம் இருக்கிறது. வீட்டுக்காரிக்கு இரண்டே சொல். ‘மனைவிக்கும் விருப்பம்தான்.’ அந்தத் ‘தான்’ என்னைத் தூங்கவிடவில்லை, ஐயா. அவரிடம் கேட்டீர்களா? என்ன கேட்டீர்கள்? மாடு பிடிக்குமா என்று கேட்டிருப்பீர்கள். விடிகாலை ஐந்து மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும், வருடத்தில் 365 நாளும் மாடு கட்டுகிற கட்டுத்தரையில் யார் நிற்பது என்று கேட்டிருக்க மாட்டீர்கள்.

நான் நிற்பேன் என்பீர்கள். நிற்பீர்கள், முதல் மூன்று மாதம். அப்புறம் ஒரு நாள் காய்ச்சல் வரும், இல்லையென்றால் பெங்களூருவில் தவிர்க்க முடியாத வேலை ஒன்று வரும். அன்றைக்குப் பால் சொம்பை யார் கையில் எடுக்கிறாரோ, அது அவர் கையிலேயே தங்கிவிடும்.

கண்ணபுரம் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. சித்திரையில் அங்கே மாட்டுத்தாவணி, அதாவது மாட்டுச் சந்தை, கூடும். அப்பா கன்றுகளை ஓட்டிக்கொண்டு போனால் மூன்று நாள் அங்கேயே கிடப்பார். திரும்பி வந்து எந்த ஊர்க்காரர் என்ன விலைக்குப் பிடித்தார் என்று அம்மாவிடம் கதை கதையாகச் சொல்வார். அம்மா அந்தத் தாவணியைப் பார்த்ததே இல்லை. மூன்று நாளும் அவள்தானே வீட்டில் இருந்தாள்.

ஆட்டுக்கு ஐந்து மாதம், மாட்டுக்கு ஒன்பது மாதம் பத்து நாள், எருமைக்குப் பத்து மாதத்துக்கு மேல், அடைக்கோழிக்கு 21 நாள். அம்மா காலண்டரில் குறித்ததில்லை, எல்லாம் மனக்கணக்கு. எப்படித்தான் அமையுமோ, சொந்தத்தில் ஒரு முகூர்த்தம் வந்தால் அன்றைக்குத்தான் ஏதாவது ஒன்று ஈனும். கன்று விழுந்து, இளங்கொடி (நஞ்சுக்கொடி) போடும்வரை அம்மா நகர மாட்டாள். நாய் இழுத்துவிடாமல் அதை எடுத்து ஓலைக்கூடையில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட ஆள் வேண்டும். அப்படியும் தப்பி ஒரு கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்காராமல் இரண்டரை மணி பஸ்ஸைப் பிடிப்பாள். போட்டோக்காரர் வருவதற்குள் அவள் போயிருப்பாள்.

1986 ஐப்பசியில் அம்மாயி செத்துப்போன சேதியை ஒருவர் சைக்கிளில் கொண்டுவந்தார். மணி மூன்று. அம்மா அழுதுகொண்டே கட்டுத்தரைக்குப் போனாள். சாஞ்சகொம்பு எருமை அவள் கைக்குத் தவிர வேறு கைக்குச் சுரப்பு விடாது. கன்றை ஊட்டவிட்டாள், மடி கழுவிக் குந்தினாள். எருமை சுரக்கவில்லை. நேரம் மாறியது தெரிந்ததோ, அவள் அழுதது தெரிந்ததோ. மறுபடி கன்றை விட்டுப் பார்த்தாள். அரை டம்ளர்கூடத் தேறவில்லை. பெற்ற தாய் பன்னிரண்டு மைலுக்கு அந்தப் பக்கம் பிணமாகக் கிடக்க, இவள் எருமையின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அப்பா வந்து, “எந்திரி, நான் பாத்துக்கறேன்” என்றார்.

மறுநாள் விடியுமுன் அப்பா கொடியில் கிடந்த அம்மாவின் சேலையை எடுத்தார். கட்டுத்தரை வேலைக்கென்றே வைத்திருந்த பச்சைச் சீட்டிச் சேலை, சாணியும் தவிடும் வாசம் அடிக்கும். வேட்டிக்கு மேலே அதைச் சுற்றி, தலைக்கு முக்காடும் போட்டுக்கொண்டு போனார். எருமை திரும்பி முந்தானையை முகர்ந்தது. கொஞ்ச நேரம் அசையவில்லை. அப்புறம் சுரப்பு விட்டது, வழக்கத்தில் பாதி. ஊரில் வேறு வீடுகளிலும் இப்படிச் செய்வார்கள், சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் தங்கையும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அப்பா சேலையை மடித்துத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டு, இழவு வீட்டுக்குச் சைக்கிளை எடுத்தார். மதியம் பிணம் எடுத்தார்கள். சாயங்காலம் பால் நேரத்துக்கு அம்மா வீட்டில் இருந்தாள். வாசலில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, “எருமை கறந்துச்சா?”

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. மழை இருட்டுக் கட்டிய சாயங்காலத்தில் எல்லாம் பட்டிக்குத் திரும்பியபின் எழும் அந்த அசைபோடும் சத்தம் இப்போதும் எனக்கு வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கட்டும்.

எதில் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். ஐந்து நாட்டுக்கோழி, ஒரு சேவல். வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலி, அதனால் மாட்டாஸ்பத்திரியில் கேட்டு முதலிலேயே தடுப்பு மருந்து போட்டுவிடுங்கள். கூட்டுக்கதவைச் சாயங்காலம் நீங்களே சாத்துங்கள், காலையில் நீங்களே திறங்கள். ஒரு பெட்டை அடைக்கு உட்கார்ந்ததும் ஒன்பது முட்டை வைத்து, அந்த 21 நாளும் ஊரைவிட்டு எங்கும் போகாமல் இருந்து பாருங்கள். பெங்களூருவில் உங்கள் நண்பர் வீட்டு விசேஷம் ஏதாவது நடுவில் வரும். மனைவியும் பிள்ளைகளும் போய்வரட்டும்.

குஞ்சு பொரித்ததும் எழுதுங்கள். இல்லை, அடுத்த கடிதத்தை அவரே எழுதட்டும்.