ஊரில் இருக்கும் துணையின் வீசா: பாண்டிச்சேரி கொன்சுலாவில் நேரில் கேட்கப் போகிறவர்களுக்குக் கேள்வி பதில்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் பல ஊர்களில் வாழும் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள், ஊரில் கல்யாணம் முடித்துவிட்டுக் கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்ளக் காத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. துணை புதுச்சேரி, தமிழ்நாடு, கேரளம் இவற்றில் எங்காவது இருக்கிறார், அதாவது பாண்டிச்சேரி பிரெஞ்சு கொன்சுலாவின் (துணைத் தூதரகத்தின்) எல்லைக்குள் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன்.

சேன்-அந்த்ரேயிலிருந்து: கல்யாணம் ஆகி எட்டு மாதம். மனைவி காரைக்காலில். அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். கொன்சுலாவுக்கு நேரில் போய் வீசா என்ன ஆயிற்று என்று கேட்டால் சொல்வார்களா, ஐயா?

முதலில், உங்கள் தொசியே, அதாவது கோப்பு, எங்கே நிற்கிறது என்று பாருங்கள் தம்பி. "வீசா வரவில்லை" என்று எழுதுகிறவர்களில் பலருக்கு வீசா விண்ணப்பமே இன்னும் போயிருக்காது. இந்தியாவில் நடந்த கல்யாணத்தை பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றும் வேலை, அதுதான் த்ரான்ஸ்க்ரிப்சியோன், அதிலேயே நின்றுகொண்டிருக்கும். அது முடியாமல் "பிரெஞ்சுக்காரரின் துணை" என்ற வகையில் நீண்டகால வீசா கேட்க முடியாது.

இரண்டும் வேறு வேறு பிரிவு. கல்யாணப் பதிவு கொன்சுலாவின் எத்தா-சிவில் (பிறப்பு, கல்யாணப் பதிவு) பிரிவின் வேலை. அங்கே ராந்தெவு (முன்பதிவு நேரம்) எடுத்துக்கொண்டு போகலாம், பேசலாம். வீசா தொசியேயை வாங்குவது கொன்சுலா இல்லை, விஎஃப்எஸ் என்ற தனியார் நிறுவனத்தின் மையம். பாண்டிச்சேரியிலும் சென்னையிலும் இருக்கிறது. அங்கே கவுண்டரில் இருப்பவர் தாளை வாங்குவார், விரல் ரேகை எடுப்பார், பாஸ்போர்ட்டைத் திருப்பித் தருவார். முடிவு அவர் கையில் இல்லை, என்ன முடிவு என்றும் அவருக்குத் தெரியாது. வீசாவைப் பற்றிக் கேட்க என்று ராந்தெவு இல்லாமல் கொன்சுலா இருக்கும் ரூ தெ லா மரீன் தெருவில் போய் நின்றால் வாசல் காவலரோடுதான் பேசிவிட்டு வர வேண்டும்.

ஆகவே த்ரான்ஸ்க்ரிப்சியோன் நிலுவையில் இருந்தால் ரெயூனியனிலிருந்தே ராந்தெவு போட்டுவிட்டுக் கிளம்புங்கள். வீசா நிலுவையில் இருந்தால் முதலில் மின்னஞ்சல். விஎஃப்எஸ் ரசீதில் எந்தத் தூதரகத்துக்குப் போகிறது என்று போட்டிருக்கும், அங்கேதான் எழுத வேண்டும்.

அதே நபர்: போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்? என்ன கேட்பது?

உங்கள் பிரெஞ்சு அடையாள அட்டை, மனைவியின் பாஸ்போர்ட் நகல், எஃப்.ஆர்.ஏ. என்று தொடங்கும் பிரான்ஸ்-வீசா விண்ணப்ப எண், விஎஃப்எஸ் ரசீது, கல்யாணச் சான்றிதழ், லிவ்ரே தெ ஃபமீய் (பிரெஞ்சுக் குடும்பப் பதிவுப் புத்தகம்) கைக்கு வந்திருந்தால் அதுவும். இதுவரை அனுப்பிய மின்னஞ்சல்களைத் தேதி வரிசையில் அச்செடுத்து வையுங்கள். செல்பேசியில் காட்டலாம் என்று நம்ப வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துவிடலாம்.

கேள்வி மூன்றே மூன்று. தொசியே முழுமையா, தாள் ஏதாவது குறைகிறதா? எந்தச் சான்றிதழையாவது சரிபார்க்க அனுப்பியிருக்கிறீர்களா? முடிவு எடுத்தாயிற்றா, எந்தத் தேதியில்? "எப்போது கிடைக்கும்" என்று கேட்டால் "காத்திருங்கள்" என்ற பதில்தான் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வெளியே வந்த அன்றைக்கே, இன்ன தேதியில் வந்தேன், இப்படிச் சொன்னீர்கள் என்று நாலு வரி பிரெஞ்சில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். வாயால் கேட்டதற்கும் வாயால் சொன்னதற்கும் பின்னால் எந்த மதிப்பும் கிடையாது.

சேன்-தெனியிலிருந்து: இங்கேயே இந்தியக் கொன்சுலா இருக்கிறதே, அங்கே கேட்கக் கூடாதா?

கேட்கலாம், ஆனால் பிரெஞ்சு வீசாவில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. இந்திய பாஸ்போர்ட், ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர் அட்டை) போன்றவைதான் அவர்கள் வேலை. சேன்-தெனி பிரெஃபெக்தூரும் (தீவின் அரசு நிர்வாக அலுவலகமும்) அப்படியே. துணை தீவில் வந்து இறங்கிய பிறகுதான் அவர்கள் வேலை தொடங்கும். இங்கே உங்களுக்கு உண்மையில் வேலை உள்ள ஒரே இடம் மேரி, அதாவது நகராட்சி அலுவலகம். கல்யாணத்துக்கு முந்திய அறிவிப்பு அங்கேயும் ஒட்டப்படும், உங்களை விசாரிக்கச் சொல்லி கொன்சுலா அவர்களிடம் கேட்கவும் கேட்கலாம்.

சேன்-பியேரிலிருந்து: எனக்கு லீவு கிடைக்காது. பாண்டியில் இருக்கும் என் அண்ணன் போய்க் கேட்கலாமா?

உங்கள் துணையே போவதுதான் சரி, அவர்தான் விண்ணப்பதாரர். அண்ணன் போவதானால் விண்ணப்பதாரர் கையெழுத்திட்ட புரோகுராசியோன் (அதிகாரக் கடிதம்), இருவரின் அடையாள அட்டை நகல், விண்ணப்ப எண். இவை இல்லாமல் அடுத்தவர் தொசியேயைப் பற்றிப் பேச மாட்டார்கள், பேசவும் கூடாது. தெரிந்த சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) ஒருவர், கொன்சுலாவில் ஆள் பழக்கம் உள்ளவர் என்று யாரையாவது அனுப்புவது வீண்.

சேன்-போலிலிருந்து ஒரு பெண்: கோயிலில் தாலி கட்டி ஜனவரியில் கல்யாணம். மார்ச்சில் பதிவு. கொன்சுலாவில் இரண்டு தேதியையும் பார்த்துவிட்டு நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஏன், அண்ணா?

இதுதான் நம் ஆட்களுக்கு அடிக்கடி நேர்கிற சிக்கல் அம்மா, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெளிநாட்டில் கல்யாணம் செய்யும் பிரெஞ்சுக்காரர் அதற்கு முன்பே கொன்சுலாவிடம் கல்யாணத் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்காக அறிவிப்பு பத்து நாள் ஒட்டியிருக்கும், தேவைப்பட்டால் இருவரையும் விசாரிப்பார்கள். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? நல்ல நாள் குறித்தாயிற்று, மண்டபம் பிடித்தாயிற்று, "கோயில் கல்யாணம் சடங்குதானே, பதிவுதான் சட்டம்" என்று நினைத்து முதலில் தாலி. பிறகு சான்றிதழ் வாங்கிப் பதிவு. ஆனால் இந்து திருமணச் சட்டப்படி சடங்கு நடந்த நாள்தான் கல்யாண நாள். பதிவு அதற்குச் சாட்சி, அவ்வளவுதான். இந்தியச் சான்றிதழில் இரண்டு தேதியும் இருக்கும். கொன்சுலாவின் கண்ணுக்கு அது, தகுதிச் சான்றிதழ் இல்லாமல் நடந்த கல்யாணம்.

இதனால் கல்யாணம் செல்லாது என்று ஆகிவிடாது. பிரெஞ்சு சிவில் சட்டம் 171-7ஆம் பிரிவின் வழி திறக்கும். பதிவில் ஏற்றுவதற்கு முன் பொதுவாக இருவரையும் விசாரிப்பார்கள். சந்தேகம் பலமாக இருந்தால் பிரான்சில் உள்ள நாந்த் நகர அரசு வழக்கறிஞருக்கு அனுப்புவார்கள். பதிவில் ஏற்றலாமா என்று அவர் முடிவு சொல்ல ஆறு மாத அவகாசம். அதற்குள் அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலோ, கூடாது என்றாலோ, பதிவில் ஏற்றச் சொல்லி நீங்கள் இருவரும் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதனால் நீங்கள் இப்போது எழுத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தொசியே நாந்த்துக்குப் போனதா, போனால் எந்தத் தேதியில்? அந்தத் தேதி தெரிந்தால்தான் ஆறு மாதத்தை எண்ண முடியும்.

படிவத்தில் எந்தத் தேதியை எழுதுவது என்று தடுமாறி, ஓரிடத்தில் ஜனவரி, இன்னோரிடத்தில் மார்ச் என்று எழுதிவிடாதீர்கள். சடங்கு இன்ன நாள், பதிவு இன்ன நாள் என்று இரண்டையும் ஒரே மாதிரி எல்லாத் தாளிலும் எழுதுங்கள். இன்னும் கல்யாணம் ஆகாதவர்கள் இதைப் படித்தால்: சான்றிதழ் கைக்கு வந்த பிறகு நாள் குறியுங்கள். ஜோசியர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: எங்களுடையது பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம். விசாரணையில் அப்படிச் சொன்னால் சந்தேகப்படுவார்களா? காதல் என்று சொல்லச் சொல்கிறார்கள்.

சொல்கிறவர்களை நம்பாதீர்கள். விசாரணை நடத்துகிறவர்களுக்கு நம் ஊர்க் கல்யாணம் எப்படி நடக்கும் என்று நன்றாகத் தெரியும். பெற்றோர் பார்த்து வைத்தது தவறில்லை, அவர்கள் தேடுவது சம்மதம். சம்மதம் இல்லாத இடத்தில் கல்யாணமே இல்லை என்பது சிவில் சட்டத்தின் 146ஆம் பிரிவு. தரகர் யார், ஜாதகம் யார் கொண்டுவந்தது, முதன்முதலில் எப்போது பேசினீர்கள், நேரில் பார்த்தது எங்கே, கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், ரெயூனியனில் இருப்பவருக்கு என்ன வேலை, எந்த ஊரில் வீடு: இதெல்லாம்தான் கேள்வி. உங்களைத் தனியாகவும் அவரைத் தனியாகவும் கேட்கலாம். இட்டுக்கட்டிய காதல் கதையில் ஒருவர் "கடற்கரையில் சந்தித்தோம்" என்பார், மற்றவர் "அத்தை வீட்டில்" என்பார். அங்கேதான் சந்தேகமே பிறக்கும்.

பிரெஞ்சு சரளமாக வராவிட்டால் தமிழில் பேச வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அரைகுறை பிரெஞ்சில் "உய்" (ஆம்) என்று தலையாட்டிய பதில்தான் எழுத்தில் ஏறும். தொசியேயில் விமானச் சீட்டு, அனுப்பிய பணத்தின் ரசீது, பேசிய அழைப்புகளின் பட்டியல் இவை இருக்கட்டும். இருநூறு கல்யாணப் போட்டோவைவிட மாதாமாதம் போன பத்து ரசீது கனம்.

லெ போரிலிருந்து: மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. பிறப்புச் சான்றிதழில் இனிஷியல். ஒன்றும் ஆகாதே?

ஆகும். பிரெஞ்சுப் பதிவேட்டில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் இரண்டும் இருக்க வேண்டும், இனிஷியலுக்கு அங்கே இடமில்லை. பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லாவிட்டால் கேள்வி வரும். த்ரான்ஸ்க்ரிப்சியோனுக்குப் போடுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்துங்கள். பதிவில் ஏறிய பிறகு திருத்துவது பெரிய தலைவலி. திருத்திய சான்றிதழுக்கு மறுபடியும் அப்போஸ்தில் என்ற அரசு முத்திரை, மறுபடியும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு. பழைய மொழிபெயர்ப்பைப் புதிய சான்றிதழோடு ஒட்டிக் கொடுத்தால் திருப்பிவிடுவார்கள்.

லெ தம்போனிலிருந்து: வீசா விண்ணப்பம் போட்டு இரண்டரை மாதம். கேட்கும்போதெல்லாம் பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். இன்னும் பொறுக்கலாமா?

பொறுக்கலாம், ஆனால் நாளை எண்ணிக்கொண்டு பொறுங்கள். தொசியே முழுமையாகப் போய் இரண்டு மாதம் பதில் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அது மௌன மறுப்பு. "பரிசீலனையில் இருக்கிறது" என்று அன்பாகச் சொன்னவர் உங்களுக்கு ஒரு நாள்கூடக் கூட்டித் தரவில்லை. நேரில் போய்க் கேட்டதால் மேல்முறையீட்டுக் கெடு நிற்காது. ரெக்கூர், அதாவது மேல்முறையீடு, போட்டுவிட்டுக் காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை, நடுவில் வீசா வந்தால் ரெக்கூர் அதோடு முடிந்துபோகும்.

சேன்-பெனுவாவிலிருந்து: மறுப்புக் கடிதமே வந்துவிட்டது. கொன்சுலாவுக்குப் போய்ப் பேசி மாற்றச் சொல்லலாமா?

பேசிப் பார்க்கப் போய்த்தான் பலர் கெடுவை விடுகிறார்கள். மறுப்புக்கு எதிரான முதல் படி நாந்த்தில் உள்ள வீசா மறுப்பு மேல்முறையீட்டுக் குழு. நேராக நீதிமன்றம் போக முடியாது, இதைத் தாண்டித்தான் போக வேண்டும். 2023 ஜனவரி முதல் கெடு 30 நாள். அதற்கு முன் இரண்டு மாதமாக இருந்தது, பழைய கணக்கைச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கடிதம் பிரெஞ்சில், உங்கள் துணையின் கையெழுத்தோடு, மறுப்புக் கடித நகலையும் சேர்த்து. ரெயூனியன் தபால் நிலையத்திலிருந்து ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புவது நல்லது. 30 நாளுக்குள் அங்கே கையில் கிடைக்கிற மாதிரி அனுப்புங்கள், கடைசி நாளில் இல்லை.

என்ன எழுதுவது? பிரெஞ்சுக்காரரின் துணைக்கு நீண்டகால வீசாவை மூன்று காரணத்துக்காக மட்டுமே மறுக்கலாம்: மோசடி, கல்யாணம் ரத்தானது, பொது ஒழுங்குக்கு அச்சுறுத்தல். வெளிநாட்டார் சட்டத் தொகுப்பின் எல் 312-3 இது. வருமானம் போதாது, வீடு சிறியது என்பதெல்லாம் காரணமாகாது. ஆகவே மோசடி என்று எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்து, அதற்கு மட்டும் தாளோடு பதில் சொல்லுங்கள். மனைவி அழுகிறாள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதை ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம்.

குழு இரண்டு மாதம் பதில் சொல்லாவிட்டால் அதுவும் மறுப்பு. அடுத்த இரண்டு மாதத்துக்குள் நாந்த் நிர்வாக நீதிமன்றம். மிக அவசரமென்றால், குழுவுக்கு ரெக்கூர் போட்டதுமே நீதிமன்றத்தில் அவசர மனுவும் போடலாம். அதற்கு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள்.

லா பொசெசியோனிலிருந்து: எங்கள் தொகுதி தெப்யுத்தேயிடம் (நாடாளுமன்ற உறுப்பினரிடம்) கடிதம் வாங்கலாமா?

வாங்கலாம். இங்கே ஏழு தெப்யுத்தேக்கள், நான்கு செனத்தேர்கள் (மேலவை உறுப்பினர்கள்) இருக்கிறார்கள். தொசியே எங்கே கிடக்கிறது என்று பதில் வரவைக்க உதவும், முடிவை மாற்ற உதவாது, கெடுவையும் நிறுத்தாது.

சேன்-லூயியிலிருந்து: இவ்வளவு அலைவதற்கு டூரிஸ்ட் வீசாவில் வரவழைத்து இங்கேயே மாற்றிவிடலாமே?

முடியாது. நீண்டகால வீசா இல்லாமலே இங்கே தங்கும் அட்டை கேட்கும் வசதி, முறையாக உள்ளே வந்து, *பிரான்சில்* கல்யாணம் செய்து, ஆறு மாதம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு. உங்கள் கல்யாணம் இந்தியாவில். இன்னொன்று, ஒரே வீசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் ரெயூனியன் இல்லை. விண்ணப்பத்தில் சேருமிடம் பாரிஸ் என்று போட்டுவிட்டு இங்கே வர நினைக்காதீர்கள், ரெயூனியன் என்றே குறியுங்கள்.

சேன்-தெனியிலிருந்து இன்னொருவர்: ராந்தெவு வாங்கித் தர ஒரு ஏஜென்ட் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். பிரெஞ்சுக்காரரின் துணைக்கு வீசா கட்டணமே கிடையாது.

சேன்-அந்த்ரேயிலிருந்து கடைசியாக: நேற்று வீசா கிடைத்தது! அடுத்து என்ன?

வாழ்த்துகள். பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிய இடத்திலேயே ஒட்டியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள்: பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகள். பிழை இருந்தால் டிக்கெட் போடுவதற்கு முன் திருத்த வேண்டும். இங்கே வந்து இறங்கிய மூன்று மாதத்துக்குள் இணையத்தில் வீசாவை உறுதிசெய்து வரி கட்ட வேண்டும். அதை விட்டுவிட்டால் கையில் வீசா இருந்தும் முறைப்படி தங்கியிருப்பதாக ஆகாது. ஏர்போர்ட்டில் குத்திய முத்திரையைப் படமெடுத்து வையுங்கள், அந்தத் தேதியைத்தான் கேட்பார்கள்.