கைமாற்று என்று எழுதினால் கையாடல் வழக்கு சுலபமாக நிற்காது

கேள்வி: பாரிமுனையில் மொத்த வியாபாரம் செய்கிறேன். பதினோரு வருடமாக வசூலுக்குப் போகும் பையன், கடைகளில் வாங்கிய 4,60,000 ரூபாயைக் கணக்கில் காட்டவில்லை. அவன் தங்கை கல்யாணத்துக்கு நகை போட்டவன் நான். கேட்டதும் அழுதுகொண்டே புரோநோட்டு எழுதிக் கொடுத்தான். திருட்டு வழக்குப் போடலாமா?

பதில்: நகையையும் கண்ணீரையும் தள்ளி வையுங்கள். பணம் அவர் கைக்கு எப்படி வந்தது என்பதுதான் வழக்கு. நீங்கள் அனுப்பி வசூலித்தார் என்றால் அது திருட்டு இல்லை, கையாடல். சொல்லிலேயே கை இருக்கிறது: முறையாகக் கைக்கு வந்த பணம் அது. இங்கிலாந்தில் 1799-ல் பேஸ்லி என்ற வங்கி காசாளர், வாடிக்கையாளர் கட்டிய 100 பவுண்டு நோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வங்கியின் கைக்கே வராத நோட்டு எப்படித் திருட்டாகும் என்று தப்பித்தார். அந்த ஓட்டையை அடைக்கத்தான் அதே வருடம் கையாடலுக்கு அங்கே தனிச் சட்டம் போட்டார்கள். நம் சட்டத்தில் இது நம்பிக்கை மோசடி. ஊழியர் செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 316(4), ஏழு ஆண்டு வரை சிறை. 1-7-2024-க்கு முன் நடந்ததற்கு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 408-வது பிரிவு.

என் பயமெல்லாம் பையன் எழுதிக் கொடுத்த அந்தப் புரோநோட்டைப் பற்றித்தான். எடுத்துப் படியுங்கள். "குடும்பச் செலவுக்காகக் கைமாற்றாகப் பெற்றுக்கொண்ட" என்று இருக்கிறதா? கடையில் விற்கும் அச்சு நோட்டுகளில் அப்படித்தான் இருக்கும். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, வசூல் பணத்தை நீங்களே கடனாக மாற்றிவிட்டீர்கள். ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்" என்று சி.எஸ்.ஆர். ரசீதோடு, அதாவது புகார் வாங்கியதற்கான ரசீதோடு மட்டும் அனுப்புவார்கள். எஃப்.ஐ.ஆர். விழுந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுவோடு வைக்கும் முதல் காகிதம் இதுதான். குற்றம் அதனால் அழிந்துவிடாது. ஆனால் வருடக்கணக்கில் இதற்கே பதில் சொல்லிக்கொண்டிருந்த கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கதவைச் சாத்திக் கையெழுத்து வாங்கியிருந்தால் இன்னும் மோசம்; உங்கள் மேலேயே சட்டவிரோதக் காவல் புகார் வரும்.

சமரசம் பேசுங்கள். எந்தக் கடையில், எந்தத் தேதியில், எவ்வளவு வசூலித்துக் கட்டவில்லை என்று அவரே கைப்பட எழுதி, தவணை குறிக்கட்டும். "புகார் கொடுக்கமாட்டேன்" என்று நீங்கள் பதிலுக்கு எழுதாதீர்கள், அந்த ஒப்பந்தம் செல்லாது. வழக்கு வந்தபின் சமாதானமானால், 316(4)-ஐ நீதிமன்ற அனுமதியோடு முடித்துக்கொள்ளலாம். அதுவரை கடைக்காரர்களிடம் உள்ள ரசீதுகளை நகல் எடுத்து வையுங்கள். பணம் வசூலிக்கும் சிவில் வழக்குக்குக் கெடு மூன்று வருடம். போலீஸ் புகார் கொடுத்ததால் அது நிற்காது.