கிரீஸில் பத்து நாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். வரும் மே மாதம் குடும்பத்தோடு கிரீஸ் போக நினைக்கிறோம். நான், மனைவி, ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் மகள், 67 வயதான மாமியார். மொத்தம் பத்து நாள். டிராவல்ஸில் போட்டுக் கொடுத்த திட்டம் இது: ஏதென்ஸ் 1 நாள், மிக்கோனோஸ் 2, சாந்தோரினி 3, கிரீட் 2, ரோட்ஸ் 2. “இடிபாடெல்லாம் எங்கே பார்த்தாலும் ஒன்றுதான் சார், ஏதென்ஸுக்கு ஒரு நாள் தாராளம்” என்கிறார். மகளுக்கு வரலாறு என்றால் உயிர். மாமியாருக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். இந்தத் திட்டம் சரிவருமா?

கே., கோவை

அன்புள்ள கே.,

சரிவராது. இரண்டு தீவுகளை உடனே அடித்துவிடுங்கள். ரோட்ஸ் துருக்கிக் கரையை ஒட்டிக் கிடக்கிறது, மற்றவற்றோடு சேராது. கிரீட் தனியாக ஒரு வாரம் கேட்கும் தீவு. இரண்டு நாளில் க்னோஸோஸ் அரண்மனையை ஓடிப் பார்த்துவிட்டு வருவது அந்தத் தீவுக்குச் செய்யும் அநியாயம். வரைபடத்தில் இந்தத் தீவுகள் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் அறையைக் காலி செய்து, பெட்டிகளோடு துறைமுகத்தில் காத்திருந்து, கப்பலேறி, இறங்கி, அடுத்த அறையைத் தேடிப் போவதற்குள் பாதி நாள் போய்விடும். முழங்கால் வலியோடு மாமியாரை நான்கு முறை அப்படி இழுத்தடிக்க வேண்டாம்.

நான் சொல்வது இது: ஏதென்ஸ் மூன்று நாள், நக்ஸோஸ் தீவு நான்கு, சாந்தோரினி இரண்டு, கடைசி ஒரு நாள் மறுபடியும் ஏதென்ஸ்.

இடிபாடெல்லாம் ஒன்றுதான் என்று உங்களிடம் சொன்னவரோடு எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. ஒவ்வொரு இடமும் வெவ்வேறு விதத்தில் அழிந்திருக்கிறது. அந்த வித்தியாசத்தைப் பார்ப்பதற்குத்தான் உங்கள் மகளை அழைத்துப் போகிறீர்கள்.

பார்த்தெனான், ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றின் மேல் கி.மு. 447-ல் கட்டத் தொடங்கிய கோயில். பிறகு தேவாலயமாகவும் மசூதியாகவும் இருந்து, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் பெரும்பாலும் நின்றபடியேதான் இருந்தது. 1687-ல் வெனிஸ் படை முற்றுகையிட்டபோது துருக்கியர் அதற்குள் வெடிமருந்தைக் குவித்து வைத்திருந்தார்கள். ஒரு குண்டு விழுந்தது, நடுப்பகுதி சிதறிப்போனது. மிஞ்சிய சிற்பங்களில் ஏறக்குறைய பாதியை 1801 முதல் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் பெயர்த்தெடுத்தார்கள். அவை இன்று லண்டனில் இருக்கின்றன. குன்றின் அடியில் 2009-ல் திறந்த அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தின் மேல்தளத்துக்கு மகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். கோயிலைச் சுற்றி ஓடிய சிற்ப வரிசையை அதே அளவில், அதே திசையில் அங்கே வைத்திருக்கிறார்கள். அசல் பளிங்கு தேன் நிறத்தில் இருக்கும். லண்டனில் இருப்பவற்றுக்குப் பதிலாக வைத்த அச்சுப் பிரதிகள் வெள்ளை வெளேரென்று இருக்கும். குதிரையின் உடல் தேன் நிறத்தில் ஓடிவந்து, சட்டென்று வெள்ளையாக மாறும். எது இருக்கிறது, எது போய்விட்டது என்று யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் வழியே நிமிர்ந்தால் எதிரே கோயிலே தெரியும்.

குன்றின் மேல் காலையில் முதல் ஆளாக ஏறிவிடுங்கள். நுழைவுச் சீட்டுக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். மேலே பளிங்குத் தரை காலங்காலமாகத் தேய்ந்து வழுக்கும், ரப்பர் அடியுள்ள செருப்பு அவசியம். நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு வடக்குப் பக்கத்தில் லிஃப்ட் இருக்கிறது, அதைப் பற்றி முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மே 1 அன்றும் கிரேக்கக் கிறித்தவர்களின் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் ஞாயிறன்றும் மூடியிருக்கும். அந்த ஈஸ்டர் பல ஆண்டுகளில் நம் நாட்காட்டியில் இருக்கும் தேதிக்குப் பிறகே வரும். அந்த வாரம் ஏதென்ஸ்காரர்கள் எல்லாம் சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள், கப்பலில் இடம் கிடைக்காது.

பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நக்ஸோஸ் பெரிய கப்பலில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. வேகப் படகில் நேரம் மிச்சமாகும், ஆனால் பெரும்பாலானவற்றில் வெளியே நின்று கடலைப் பார்க்க முடியாது. நான் பெரிய கப்பலுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

நக்ஸோஸை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அங்கே முடிவடையாத இடிபாடுகள் இருக்கின்றன. தீவின் வடக்கே அப்பலோனாஸ் என்ற ஊருக்கு மேல், பழைய பளிங்குக் குவாரியில் பத்து மீட்டருக்கும் நீளமான ஒரு சிலை மல்லாந்து கிடக்கிறது. தாடி ஒரு கனமான கட்டியாக நீட்டிக்கொண்டிருக்கும். கைகள் இன்னும் உருவாகவில்லை, பாதங்கள் பாதி வடிவில் நிற்கின்றன. உடம்பு முழுக்க உளி கொத்திய புள்ளிகள். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் யாரோ வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் வழவழவென்று நிற்கும் நூறு சிலைகளைப் பார்ப்பதைவிட இதன் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், சிலை செய்வது என்ன மாதிரியான உழைப்பு என்று புரியும்.

மிக்கோனோஸில் தங்க வேண்டாம். அதன் பக்கத்திலிருக்கும் டீலோஸ் என்ற சின்னத் தீவைத்தான் பார்க்க வேண்டும். சுற்றுலாப் பருவத்தில் நக்ஸோஸிலிருந்தே பகல் படகு உண்டு. அப்பல்லோ கடவுள் பிறந்த தீவு என்பது கிரேக்கர்களின் நம்பிக்கை. கி.மு. 426-ல் ஏதென்ஸ்காரர்கள் அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டியெடுத்துப் பக்கத்துத் தீவுக்கு மாற்றினார்கள். இனி இந்த மண்ணில் யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று விதித்தார்கள். கி.மு. 166-க்குப் பிறகு ரோம் அதை வரியில்லாத் துறைமுகமாக்க, அதே புனிதத் தீவு அடிமைச் சந்தையாக மாறியது. ஒரே நாளில் பல்லாயிரம் பேர் கைமாறக்கூடிய இடம் என்று பழங்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். வணிகர்களின் வீடுகளில் சிறுகற்கள் பதித்த தரை இன்றும் அழகாக இருக்கிறது. அந்தத் தரைக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். நிழல் கிடையாது, இரவு தங்க அனுமதியும் கிடையாது. மாமியாரும் மனைவியும் அன்று நக்ஸோஸிலேயே இருக்கட்டும்.

சாந்தோரினிக்கு எல்லோரும் நீலக் குவிமாடத்துக்காகப் போகிறார்கள். நீங்கள் அக்ரோத்திரிக்காகப் போங்கள். எரிமலைச் சாம்பல் மூடிய வெண்கலக் கால ஊர், 1967 முதல் தோண்டுகிறார்கள். மாடி வீடுகள், படிக்கட்டுகள், தெருவுக்கடியில் கழிவுநீர்க் குழாய், வைத்த இடத்திலேயே நிற்கும் தாழிகள். மனித எலும்புக்கூடு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முன்னதாக வந்த நிலநடுக்கத்திலேயே சுதாரித்து வெளியேறியிருக்க வேண்டும். எல்லாமே கூரைக்கடியில் இருக்கிறது, நடைபாதை போட்டிருக்கிறார்கள். மாமியார் நிதானமாகப் பார்க்கலாம்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். ஆர்த்தடாக்ஸ் விரத நாட்களின் புண்ணியத்தில் கறி, பால், முட்டை சேராத சமையல் அங்கே ஏராளம். சாந்தோரினியின் ‘ஃபாவா’ நம் பருப்புக் கடையல் மாதிரியே இருக்கும், மேலே வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும். ‘நிஸ்தீசிமோ’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். அதில் கணவாய், இறால் சேரலாம் என்பதால் கடல் உணவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் அடிக்கும் ‘மெல்தேமி’ காற்று மே மாதத்தில் அவ்வளவாக இருக்காது. இருந்தாலும் காற்று வலுத்தால் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். விமானத்துக்கு முந்தைய இரவு ஏதென்ஸில் இருந்தாக வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது கஷ்டம், ஜனவரியிலேயே போட்டுவிடுங்கள். பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. மாமியாரின் முழங்கால் பற்றி அதில் மறைக்காமல் எழுதுங்கள்.